பிஸ்கெட்டுப் பாக்கெட்டுக்கு ஒரு டி2

உக்காரு பேராண்டி. அந்த மடக்குக் கத்திய இப்டிக் குடு. பயப்படாத, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன். நான் இன்னா உனுக்கு லோன் குடுத்த பேங்கா?

ஷோக்காத்தான் கீது. கட்ட வெரலால தள்ளினா தொறக்குது. உள்ளேர்ந்து ஒரு தகடு நவுந்து வந்து பிளேடுக்கு முட்டுக் குடுக்குது. லைனர் லாக்குன்ற, சரி. பிளேடு ஓரத்துல பொடி எழுத்துல டி2ன்னு போட்டுக்கீறான். அத்தத்தான் காலைலேர்ந்து கத்திவாக்கம் பூரா படிச்சிக் காட்டிகினு திரியற. டீக்கடைல காட்டின, இஸ்திரி வண்டில காட்டின, கூடை தூக்கிகினு போன மீன்காரம்மாவ நிறுத்தி வெச்சிக் காட்டின. உங்க ஆயா கைல குடுத்து 'டி2 ஆயா, டி2'ன்ன. அது திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'அப்ப டி1 எங்கடா, தொலைச்சிட்டியா?'ன்னு கேட்டுது பாரு, அதுக்கு மட்டும் உன் கிட்ட பதிலு இல்ல. தரமணில ஏசி ரூமுல ஒக்காந்து ஊருக்கே பதிலு சொல்ற புள்ள, ஆயா கிட்ட மாட்டிகினான்.

நான் சொல்றேன் கேளு. இவன் எனுக்குப் புது ஆளு இல்ல. டூல் ரூமுல நாங்க இவன எச்.சி.எச்.சி.ன்னு கூப்பிடுவோம். கரியும் ஜாஸ்தி, குரோமியமும் ஜாஸ்தி, அதான் அந்தப் பேரு. நூத்துக்கு ஒன்றரைப் பங்கு கரி, பன்னெண்டு பங்கு குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம், கொஞ்சம் வெனேடியம். மொத உலக யுத்த காலத்துல, டங்ஸ்டன் போட்ட ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு பதிலா இது ஆவுமான்னு தேடிகினு இருந்தப்போ வந்த வகையறா. லேத்துல சூடேறி வெட்டற வேலைக்கு அது தாங்கல. ஆனா தேய்மானம்னா கம்மியோ கம்மி. அதனால தகடு வெட்டற டையும் பஞ்சும் செய்ய எடுத்துகினான்.

நம்ம பக்கத்துல அதுக்கு வேலைக்குப் பஞ்சமா? 1948ல அசோக் மோட்டார்ஸுன்னு ஆரம்பிச்சி, எண்ணூருல காரு பூட்டினாங்கோ. 1955ல அதே அசோக் லேலண்டு ஆச்சி. அதே வருஷம் புல்லட்டு பண்ண கம்பெனி போட்டு, திருவொத்தியூருல ஷெட்டு எழுப்பினாங்கோ. லாரின்னா சொம்மாவா, பைக்குன்னா சொம்மாவா? பிராக்கெட்டு, வாஷரு, கிளாம்புன்னு சில்லறை சாமான் ஆயிரம் கீது. தகட்ட உள்ள தள்ளினா பிரஸ்ஸு டமால்னு எறங்கும், வாஷரு கீழ உயும். எறங்கி எறங்கி ஏறுற அந்தப் பஞ்சு மய்ங்காம நிக்கணும்னா எச்.சி.எச்.சி.தான். ஆயிரம் டிகிரிக்கு மேல காய்ச்சி வெளிய எடுத்து வெச்சா காத்துலயே இறுகிடும், எண்ணெல முக்கற வேலைகூட இல்ல. அப்பால இரநூறு டிகிரி பக்கம் பதம் பாத்தா ராக்வெல்லு அறுபது காட்டும். ராக்வெல்லுன்னா இன்னான்னு கேக்க மாட்டியே, பாக்ஸுல படிச்சிருப்ப. வைரக் கூம்ப நூத்தம்பது கிலோ பாரத்துல அமுத்தி, எவ்ளோ பள்ளம் உயுதுன்னு பாக்கற கணக்கு அது.

ஆக, இவன் தகடு வெட்டப் பொறந்தவன். நீ இவன வெச்சி நேத்து இன்னாத்த வெட்டின? பிஸ்கெட்டுப் பாக்கெட்டு. அதுலயும் 'இங்கே கிழிக்கவும்'னு அம்புக்குறி வேற போட்டிருந்துச்சி.

கோச்சிக்காத. எனுக்குக் கத்தின்னா புடிக்காதுன்னு யாரு சொன்னது? இந்தா, என்னுத பாரு. அழகப் பாக்காத, கெயவன் கத்தி அப்டித்தான் இருக்கும். பவர் ஆக்சான்னு ஒரு மிஷினு, தண்டி தண்டியா கம்பி அறுக்கும். அதோட பிளேடு பல்லு போனா ஸ்கிராப்புக்குப் போவும். அந்தத் துண்ட மேஸ்திரி கிட்ட கேட்டு வாங்கி, கிரைண்டருல புடிச்சி மொனை எடுத்தது. புடிக்கு வலை நூல சுத்திக்கீறேன், அவ்ளோதான். மடங்காது, பளபளக்காது. ஆனா அந்தப் பிளேடு நல்ல ஹைஸ்பீடு ஸ்டீலு. டங்ஸ்டன் ஆறு பங்கு, மாலிப்டினம் அஞ்சு, குரோமியம் நாலு, வெனேடியம் ரெண்டு. இன்னாத்துக்குச் சொல்றேன்னா, தேயாத டூல் ஸ்டீலு கத்தின்னு நீ கொரியருல வரவழைச்சியே, அந்தச் சங்கதி இந்தத் தெருவுல பழைய சாமான் கணக்குலயே வந்துடுச்சி. மீன்புடிக்கப் போறவன், வலை பொத்தறவன், செருப்பு தெக்கறவன் அல்லார் கிட்டயும் ஒரு ஆக்சா பிளேடு கத்தி இருந்துது. எவனும் அதுல நம்பர் பொறிச்சி வெச்சிகினு டீக்கடைக்குப் போவல.

இன்னும் ஒரு படி மேல போவட்டா? ஒன்றரைப் பங்கு கரின்னதும் வெளிநாட்டு வெவகாரம்னு நெனச்சிகினியே. சேலம், கொங்கு நாட்டுப் பக்கம் மண் குகைல இரும்ப உருக்கி எடுத்த உருக்குக் கட்டிலயும் கரி கிட்டத்தட்ட அவ்ளோதான். அது கப்பலேறிப் போயி அரபு தேசத்துல வாளாச்சி. டமாஸ்கஸ் வாளுன்னு ஒலகமே வாயப் பொளந்துது. அந்த வாளுல தெரியற வரி எப்டி வந்துதுன்னா, ஒரு துளி வெனேடியம் கலந்திருந்ததாலன்னு அமெரிக்காவுல வெர்ஹோவன்னு ஒரு பேராசிரியரு 1998ல எழுதினத நீயே போனுல படிச்சிக் காட்டின. படிச்சிட்டு அடுத்த நிமிசமே ஆர்டரு போட்ட.

சரி, இப்ப இந்த ஸ்டீலு ஏன் தேயலன்னு கேளு. கேக்கலன்னாலும் சொல்வேன், நாயித்துக்கிழமைல எனுக்கு வேற இன்னா வேலை. கடலை மிட்டாய் துன்னிருக்கியா? வெல்லம் நடுவுல, கடலை பொதைஞ்சி கெடக்கும். இந்த ஸ்டீலும் அப்டித்தான். இரும்புதான் வெல்லம். கரியும் குரோமியமும் சேந்து பருக்கை பருக்கையா உள்ள கெடக்கறது கடலை. தேய்க்கறப்போ வெல்லந்தான் தேயும், கடலை நிமிந்து நிக்கும். அதனாலதான் கொஞ்சம் மய்ங்கினாலும் டி2 மொனை நறநறன்னு கயித்தக் கவ்வும். ஆனா மிட்டாய ஒடைச்சிப் பாரு, கடலை உக்காந்த எடத்துலதான் ஒடையும். உன் கத்தியோட மொனைய நெம்பு கோலா போட்டு பெயிண்டு டப்பா மூடியத் தொறந்தா, அங்க ஒரு கடலை பேத்துகினு வந்துடும். அப்பால பல்லு போன வாயோட சிரிச்சிகினு கெடக்கும் உன் டி2. ஸ்டீலப் பொடியாக்கி அமுக்கிச் செய்யற புது வகைங்கள்ல பருக்கை எள்ளு சைஸுல கீதாம், அதனால கொஞ்சம் தாங்கும். தாங்கும்னு சொன்னேன், ஸ்குரூ டிரைவருன்னு சொல்லல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கடக்கரை மணலு இருக்கே, அது சாதா இரும்பு மொனைய விட கெட்டி. மணலு ஏறின கயித்த அறுத்தா கத்திதான் தேயும், மணலுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா குரோமியப் பருக்கை மணல விட கெட்டி. வெனேடியப் பருக்கை அதுக்கும் மேல. அதனால படகுக் கயிறு, வலை, தார்ப்பாய், கோணி, ரப்பரு, கேஸ்கெட் ஷீட்டு இதெல்லாம் தெனம் அறுக்கறவனுக்கு இந்த ஸ்டீலு வரப்பிரசாதம். நம்ம பக்கத்துக் கயித்துல மணலு மட்டுமா கீது? எண்ணூரு அனல் மின்நிலையம் 1970லேர்ந்து 2017 வரைக்கும் ஓடிச்சி. கொசஸ்தலை ஆத்து மொகத்துவாரம் பக்கம் போயி காலு வெச்சிப் பாரு, சாம்பலு இன்னும் சேத்தோட சேந்து கெடக்கு. அதுலயும் பாதிக்கு மேல மணலோட சரக்குதான். கத்தி தேயறதுக்கு இவ்ளோ ஏற்பாடு பண்ணிக் குடுத்த ஊரு வேற எங்க கெடைக்கும்? நுரையீரலு தேயறதப் பத்தி கத்திக் கம்பெனிக்காரன் பாக்ஸுல போடல, அத்த விடு.

தேயாததுலதான் ஒரு வில்லங்கம் கீது பேராண்டி. மய்ங்காத கத்தின்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாது. சீக்கிரம் மய்ங்கறது, நிதானமா மய்ங்கறதுன்னு ரெண்டுதான். நிதானமா மய்ங்கற கத்திய வெச்சிகினு இருக்கறவன் தீட்டக் கத்துக்கவே மாட்டான். ஒரு நா அது மய்ங்கிடும். அன்னிக்கு அவன் இன்னா பண்ணுவான்? சைக்கிள்ல சாணைக் கல்லு வெச்சிகினு கூவிகினு வராரே, அவுரு கிட்ட குடுப்பான். அவுரு பாவம், அருவாமனைக்குப் புடிக்கற புடியப் புடிப்பாரு. காஞ்ச கல்லுல பறபறன்னு பொறி பறக்கும், மொனை சூடேறி நெறம் மாறும். உன் டி2க்கு இரநூறு டிகிரில பாத்த பதம், நெறம் மாறினா போச்சி. அதே சாணைல என் ஆக்சா பிளேடு கத்தி ஒண்ணும் ஆவாம திரும்பி வரும். ஹைஸ்பீடு ஸ்டீலுக்குப் பதமே ஐநூத்தம்பது டிகிரில பாக்கறது, செவக்கற சூடு வரைக்கும் அசையாது. துட்டு குடுத்து வாங்கினது கெட்டுச்சி, ஸ்கிராப்புல பொறுக்கினது பொயச்சிச்சி.

சாணைக் கல்லுன்னா அதுக்கும் ஊரு நம்ம ஊருதான். திருவொத்தியூருல கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனி கீதே, முருகப்பா குரூப்பு, 1954ல ஆரம்பிச்சது. கிரைண்டிங் வீலு அங்கேர்ந்து தேசம் பூரா போவுது. சாதாவா வர்ற அலுமினா கல்லு டி2வ ஒரு மாதிரி சமாளிக்கும், குரோமியப் பருக்கைய அதால அறுக்க முடியும். ஆனா நூத்துக்குப் பத்துப் பங்கு வெனேடியம் போட்ட ஸ்டீலுன்னு ஒண்ணு கீதுன்னு அடுத்ததா ஒரு கத்திக்கு நூலு உட்டுகினு இருக்கியே, அந்த வெனேடியப் பருக்கை அலுமினாவ விட கெட்டி. கல்லுதான் தேயும், பருக்கை தேயாது. வெல்லத்த மட்டும் சொரண்டிட்டு, தீட்டிட்டோம்னு நெனச்சிகினு இருப்ப. அதுக்கு வைரம் வோணும். உங்க ஆயா காதுல ஒரு கல்லு கீதேன்னு பாக்காத, பாரிமுனைல டூல்ஸ் கடைங்கள்ல வைரப் பொடி ஒட்டின தகடு கெடைக்கும்.

சுவிட்சர்லாந்துக்காரன் உன்ன விட உஷாரு. விக்டோரினாக்ஸு, 1891லேர்ந்து பட்டாளத்துக்குக் கத்தி குடுக்கறவன். பாக்கெட்டுக் கத்தின்னா ஒலகம் அவன் பேரத்தான் சொல்லுது. அவன் நெனச்சா அறுபத்திரண்டு ராக்வெல்லு போட முடியாதா? அம்பத்தாறு பக்கத்துலயே நிறுத்திக்கிறான். எத்தக் கண்டாலும் தீட்டிக்கலாம், டீ கிளாசு அடிப்பாகத்துல கூட ரெண்டு இய்ப்பு இய்த்துக்கலாம். துருவும் புடிக்காது. காசிமேட்டுல வஞ்சிரம் வெட்டற அக்காவப் பாரு. வெட்டிகினே இருப்பாங்கோ, நடுவுல கத்தி மேல கத்திய ரெண்டு தடவ தேச்சிக்குவாங்கோ, பேச்சு கூட நிக்காது. அவுங்க கிட்ட போயி 'அக்கா, உங்க கத்தி இன்னா ஸ்டீலு?'ன்னு கேளேன். நான் தூரமா நின்னுகிறேன்.

மீனுன்னதும் ஞாபகம் வருது. இந்த மடக்குக் கத்திய மீன் மேல வெக்காத. மடங்கற எடத்துல செதிலும் கொயகொயப்பும் பூந்துகினா, கயுவினாலும் போவாது. மூணாம் நாளு நீ பாக்கெட்டுல கைய உடறதுக்கு முன்னாடி பூனை உன் பின்னால வரும். கடலுத் தண்ணி பட்டா அதை விட மோசம். பன்னெண்டு பங்கு குரோமியம் இருந்தும் துருவான்னு கேப்ப. அந்தக் குரோமியத்துல கிட்டத்தட்ட பாதி கரியோட சேந்து பருக்கையாப் போயிடுது, மிச்சம் கீறது காவலுக்குப் பத்தல. நம்ம ஊரு காத்து பட்டா பொட்டுப் பொட்டா வரும். மாங்கா நறுக்கினா கறுப்படிக்கும். வேலை முடிஞ்சதும் தொடைச்சி ஒரு சொட்டு தேங்காண்ண தடவு. மிஷினு ஆயிலு தடவிட்டு அதே கத்தியால கொய்யாப்பயம் நறுக்கித் துன்னாத, வயிறு கெட்டா டி2 வந்து நிக்காது.

டி2ன்னு போட்டிருக்கறதெல்லாம் டி2வான்னு ஒரு சந்தேகம் கேக்கவே மாட்டியே நீ. பொடி எழுத்து பொறிக்க ஒரு மிஷினு போதும், எவன் வேணா பொறிப்பான். டூல் ரூமுல நாங்க எழுத்தப் படிக்கறதில்ல, பொறியப் படிப்போம். முதுகுப் பக்கம் ஓரமா கிரைண்டருல ஒரு தொடு தொட்டா தெரிஞ்சிடும். சாதா கரி இரும்புன்னா பொறி வெள்ளையா நீளமாப் பறந்து, நுனில வெடிச்சி வெடிச்சிச் சிதறும். எச்.சி.எச்.சி. அப்டி ஆடாது, கொஞ்சமா, குட்டையா, செவப்பு கலந்து வரும், நட்சத்திரம் கம்மி. இதுக்கு கிரைண்டர போடட்டான்னா ஏண்டா கத்தியப் புடுங்கற? பாத்தியா, உனுக்கே நம்பிக்கை இல்ல.

அப்பறம் இந்த உதாரு. பேண்டு பாக்கெட்டு ஓரத்துல கிளிப்பு மாட்டி, அது வெளிய தெரியற மாதிரி நடக்கற. சினிமாக்காரன் வட சென்னைன்னாலே கேமரா முன்னாடி கத்தியத்தான் நீட்றான். நம்ம புள்ளைங்க படிச்சி வேலைக்குப் போயி அந்தப் பேர அழிக்கறதுக்குள்ள நீ போயி கிளிப்பு மாட்டிக் காட்டு. ஆயுதச் சட்ட விதில ஒம்போது அங்குலத்துக்கு மேல நீளமோ, ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கற கத்தியத்தான் ஆயுதக் கணக்குல சேத்துக்கீறாங்கோ. வீட்டு வேலை, விவசாயம், தொயிலுக்குன்னு செஞ்சது அதுலயும் சேராது. உன்னுது மூணு அங்குலம்தான், தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டுல வண்டிய நிறுத்தற போலீசுக்காரரு ஸ்கேலு எடுத்துகினு வர மாட்டாரு, அது உனுக்குத் தெரியுமா? விம்கோ நகருக்கு 2021ல மெட்ரோ வந்துச்சி, நீயும் அதுலதான் போற. பைய மிஷினுக்குள்ள உட்டா, வெளிய வரப்போ நீ விளக்கம் சொல்லிகினு நிக்கணும். பிளேன்ல கைப்பைல வெச்சா அங்கயே உருவிடுவான். 'சார், இது டி2 சார்'னு சொல்லு, சல்யூட்டு அடிச்சித் திருப்பிக் குடுப்பான்.

தீட்டறதுக்கு வழி சொல்றேன், எய்திக்கோ, நீதான் எதையும் எய்தாம நம்ப மாட்டியே. வைரத் தகட்டுல தண்ணி தொட்டு, ரெண்டு பக்கமும் இருபது டிகிரி சாச்சி, அமுக்காம இயு. வைரம்தான் வேலை செய்யணும், உன் தோளு இல்ல. இந்த ஸ்டீலுல மொனை ஓரத்துல ஒரு பிசுறு கெளம்பும், அது போவறதுக்குள்ள உயிரு போவும். சொம்மா ஒரு பக்கம் அப்பறம் மறு பக்கம்னு பாரம் கொறைச்சிகினே மாத்தி மாத்தி இயுத்தா உயுந்துடும். கடைசியா பழைய பெல்ட்டு தோலுல நாலு இய்ப்பு. கண்ணாடி கணக்கா மின்ன வெக்கறேன்னு ஒக்காந்துடாத. கயிறு அறுக்கறவனுக்குக் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கணும், அதுதான் கவ்வும். மின்ன வெச்சி மொகம் பாக்கறதுக்கு வீட்டுல கண்ணாடி கீது.

ஆங், இன்னொண்ணு. மடக்கறப்போ வெரலப் பாத்துக்கோ. அந்த லாக்குத் தகட்டுல நூலு தும்பு, மண்ணு சேந்துகினா சரியா முட்டுக் குடுக்காது, குத்தற வேலை பண்ணினா உன் வெரலு மேலயே மூடிக்கும். கட்டரு பிளேடு ஒடைஞ்சா பத்து ரூபா, வெரலுக்கு ரேட்டு கெடையாது. அட்டைப் பெட்டி கியிக்கறதுக்கு கட்டருதான் போதும்னு நான் சொன்னா, கெயவனுக்கு டேஸ்ட்டு இல்லன்னுவ. அட்டை கூட மொனையத் தேய்க்கும், அதுல கலக்கற மண்ணால. தெனம் நூறு பொட்டி தொறக்கற குடோனுல நீ வேலை பாத்தா நானே உனுக்கு ஒரு டி2 வாங்கிக் குடுப்பேன். நீ தொறக்கறது மாசத்துக்கு ரெண்டு பொட்டி. ரெண்டுலயும் கத்திதான் கீது.

இந்தா, வெச்சிக்கோ உன்னுத. என்னக் கேட்டா தீர்ப்பு இதான். கயிறு, கோணி, ரப்பரு தெனம் அறுக்கறவன் டி2 வாங்கட்டும், கூடவே வைரத் தகடும் வாங்கட்டும். தகடு வாங்காதவன் பத்துப் பங்கு வெனேடியம் பக்கம் தலை வெச்சிப் படுக்கக் கூடாது. கடல்ல போறவன் துருப் புடிக்காத சாதா கத்தி வாங்கட்டும். பாக்கெட்டுல ஒண்ணு கெடக்கட்டுமேன்னு நெனைக்கறவனுக்கு சுவிஸுக்காரன் சின்னக் கத்தி ஆயுசுக்கும் போதும். இதுல எதுவுமே இல்லாம ஷோக்குக்கு வாங்கறவன், அடுத்த கத்திக்கு வெச்சிக்கீற துட்ட எடுத்துகினு காசிமேட்டுக்குப் போயி, விடியக்கால ஏலத்துல நல்ல வஞ்சிரமாப் பாத்து ஒண்ணு வாங்கி இங்க அனுப்பட்டும். வெட்டறத நான் பாத்துக்கிறேன்.